படிக்க வேண்டியது குவிந்துகொண்டே போகும்போது எங்கிருந்து தொடங்குவது

ஒரு நாள் இரவு என் பிரவுசரில் ‘அப்புறம் படிக்க’ என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். 1,140 இணைப்புகள் இருந்தன. ஐந்து வருடங்களாகச் சேர்த்தவை. ஒவ்வொன்றையும் சேமித்தபோது இதைக் கட்டாயம் படித்துவிடுவோம் என்று மனதார நம்பித்தான் சேமித்திருக்கிறேன். ஆனால் அன்று அந்தப் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது நெஞ்சில் ஒரு பாரம்தான் ஏறியது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வதில் இருந்த சுகத்துக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். அந்த ஆசை எந்த வருடத்தில், எந்த மாதத்தில் பயமாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கங்களை மாற்றிப் பார்த்தேன். சில பலன் தந்தன, சில ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பலன் தந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். பத்துப் பதினைந்து வருடம் இந்தத் துறையில் இருந்துவிட்டு, கூட்டத்தில் யாராவது ஒரு புதுப் பெயரைச் சொன்னதும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு இருக்கைக்கு வந்து ரகசியமாகத் தேடிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, முதலில் அவர்களுக்காக. புதிதாக வந்தவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் பயத்தையும் ஆசையையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள்

ஒரு தாளை எடுங்கள். கற்க வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஏன் கற்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், உண்மையை எழுதுங்கள்.

நான் எழுதியபோது பாதிக்கு மேல் ஒரே காரணம்தான் வந்தது. ‘எல்லோரும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள்.’ அடுத்ததாக வந்தது, ‘தெரியாவிட்டால் வேலை போய்விடுமோ.’ மொத்தம் 23 வரிகளில் நான்கே நான்கில்தான் ‘இது எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்’ என்ற மாதிரி ஒரு வாக்கியம் இருந்தது. அந்த நான்கையும் பார்த்ததும் உடனே கம்ப்யூட்டரைத் திறக்கத் தோன்றியது, மற்ற 19-ஐயும் பார்த்தபோது தாளை மடித்து வைக்கத் தோன்றியது. இந்த வித்தியாசத்தை உடம்பே சொல்லிவிடுகிறது.

பயத்தால் கற்பது தவறு என்று சொல்ல வரவில்லை. வேலை போகும் நிலைமை நிஜமாகவே இருந்தால் பயந்துதான் ஆக வேண்டும், கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் பயத்தால் கற்றது நெடுநாள் தங்குவதில்லை என்பது என் அனுபவம். பல சர்வர்களில் மென்பொருளை ஓடவைத்து நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் வந்த புதிதில் நான்கு மாதம் விடாமல் படித்தேன். அப்போது நான் இருந்த குழுவில் மொத்தமே இரண்டு சர்வர்தான். கற்றதைப் போட்டுப் பார்க்க இடமே இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு கமாண்டுகூட நினைவில் இல்லை. அதே வருடம் நான் எழுதிய ஒரு பக்கம் திறக்க 9 விநாடி ஆகிறதே, ஏன் என்று தோன்றியது. யாரும் என்னைக் கேட்கவில்லை, புகாரும் வரவில்லை, எனக்கே உறுத்தியது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய், டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வி (க்வெரி) எப்படி ஓடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ கமாண்டைப் போட்டுப் பார்த்து, தேதி இருக்கும் நெடுவரிசையின் மேல் ஒரு ஃபங்ஷனைப் போட்டிருந்ததால், சீக்கிரம் தேட உதவும் இண்டெக்ஸ் இருந்தும் அது டேபிள் முழுவதையும் வரி வரியாகப் படிக்கிறது என்று கண்டுபிடித்தேன். ‘இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிக்குள்’ என்று க்வெரியை மாற்றி எழுதியதும் கண் இமைப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. அன்று கற்றது இன்றுவரை மறக்கவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தால்.

ஆகவே தாளில் ஆசை என்று வந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பயம் என்று வந்தவற்றில் அடுத்த மூன்று மாதத்துக்குள் உங்கள் வேலைக்கு நிச்சயம் தேவைப்படுவது இருந்தால் அதில் ஒன்று. மீதி எல்லாவற்றையும் மடித்துத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். 1,140 இணைப்புகளை நான் அழித்தேன். ஒரு வாரம் கை நடுங்கியது போலத்தான் இருந்தது, அப்புறம் ஒன்றையாவது தேட வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

எது சீக்கிரம் மாறுகிறது, எது மெதுவாக மாறுகிறது

தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எல்லாமே ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. நீங்கள் தினமும் தொடும் கருவிகளை ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றும் பிறந்த வருடத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

என் தாளில் வந்தது இது. மேலே இணையப் பக்கத் திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட், 2013. மென்பொருளைப் பொட்டலம் கட்டி ஓடவைக்கும் டாக்கர், அதுவும் 2013. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், 2005. ஜாவாஸ்கிரிப்ட், 1995. நெட்வொர்க்கில் தகவலைக் கொண்டுபோகும் விதிமுறையான டிசிபி/ஐபியை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் ஏற்றுக்கொண்ட நாள் 1983 ஜனவரி 1. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் 1974-இல் ஐபிஎம்மில் உருவானது, அதற்கு அடிப்படையான, தகவலை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் யோசனையை எட்கர் காட் 1970-இல் எழுதினார். ஆப்பரேட்டிங் சிஸ்டமான யூனிக்ஸ் 1969. நான் பிறப்பதற்கு முன்பே வந்தவற்றை வைத்துத்தான் இன்றைக்குக் காலையிலும் வேலை பார்த்தேன்.

இதற்கு நேர் எதிராக இருப்பவற்றையும் பாருங்கள். இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்தது. 2016-இல் அதை அடியோடு வேறாக எழுதிப் புதிய ஆங்குலர் என்று கொடுத்தார்கள், பழையதற்கான ஆதரவு 2021 கடைசியோடு முடிந்துவிட்டது. பிரவுசரில் அனிமேஷன் காட்டிய ஃப்ளாஷை நம்பி எத்தனையோ பேர் தங்கள் தொழிலையே கட்டியிருந்தார்கள், 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதற்கு மூடுவிழா. அவர்களுடைய உழைப்பு முழுவதும் வீண் என்று நான் நினைக்கவில்லை. ஃப்ளாஷில் அனிமேஷன் செய்தவர்களுக்குக் காலத்தையும் அசைவையும் பற்றி ஒரு நுட்பமான உணர்வு வந்திருந்தது, அது அவர்களோடு அடுத்த கருவிக்கும் போனது. வீணானது பட்டன் எங்கே இருக்கிறது, மெனு எங்கே இருக்கிறது என்ற அறிவு மட்டும்தான்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான ஹெச்டிடிபியை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகப் புரியும். 2015-இல் இரண்டாம் வெர்ஷன் வந்தது. 2022-இல் மூன்றாம் வெர்ஷன் முறையான தரமாக வெளியானது, அது டிசிபியையே விட்டுவிட்டு யுடிபி என்ற வேறொரு விதிமுறையின் மேல் ஓடும் க்விக் என்பதற்குத் தாவிவிட்டது. அடியில் இவ்வளவு பெரிய மாற்றம். ஆனால் கெட், போஸ்ட் என்று கேட்கிற முறையும், பக்கம் இல்லையென்றால் 404 என்று வருகிற பதிலும் அப்படியே இருக்கின்றன. ஒரு கோரிக்கை போய் ஒரு பதில் வருகிறது என்கிற அந்த அடிப்படையை ஒருமுறை ஆழமாகப் புரிந்துகொண்டவருக்கு மூன்றாம் வெர்ஷன் ஒரு சாயங்காலத்து வேலை. புரியாதவருக்கு ஒவ்வொரு வெர்ஷனும் ஒரு புது மலை.

அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு, கற்பதற்குக் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் தாளின் கீழ்ப்பகுதியில் இருக்கும் பழையவற்றுக்கு, ஒரு மணி நேரம் மேல்பகுதியில் இருக்கும் புதியவற்றுக்கு. முன்பு இது தலைகீழாக இருந்தது. தலைகீழாகக்கூட இல்லை, கீழ்ப்பகுதிக்கு நேரமே இல்லாமல் இருந்தது.

ஒரு கருவியைத் திறந்து உள்ளே பாருங்கள்

உள்ளிருந்து ஒரு உந்துதல் வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தினமும் கை வைக்கிற ஒரு கருவியை, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே வருடக்கணக்கில் பயன்படுத்திக்கொண்டிருக்கிற ஒன்றை, ஒரு விடுமுறை நாளில் பிரித்துப் பாருங்கள். கோர்ஸ் வேண்டாம், வீடியோ வேண்டாம்.

எனக்கு அது கிட். ஏழு வருடம் பயன்படுத்தியிருந்தேன், ஆனால் மனப்பாடமாக நான்கைந்து கமாண்டுகள்தான். ஏதாவது சிக்கிக்கொண்டால் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்வேன். ஒரு சனிக்கிழமை காலியான ஒரு ஃபோல்டரில் ‘கிட் இனிட்’ போட்டு, உள்ளே மறைந்திருக்கும் அந்தப் புள்ளி வைத்த கிட் ஃபோல்டரைத் திறந்தேன். ‘ஆப்ஜெக்ட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே சொல்லும்படி எதுவும் இல்லை. ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி எழுதி ‘கிட் ஆட்’ கொடுத்தேன். ஆப்ஜெக்ட்ஸுக்குள் இரண்டு எழுத்தில் ஒரு ஃபோல்டர் முளைத்தது, அதற்குள் 38 எழுத்துப் பெயரில் ஒரு ஃபைல். இரண்டும் சேர்ந்தால் 40, என் ஃபைலில் இருந்த உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ், அந்த உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி. ஃபைலைச் சாதாரணமாகத் திறந்தால் சுருக்கி வைத்திருப்பதால் ஒன்றும் புரியாது, ‘கிட் கேட்-ஃபைல்’ கமாண்டை ‘பி’ ஆப்ஷனோடு கொடுத்தால் நான் எழுதிய வரி அப்படியே வருகிறது.

அடுத்து அதே வரியை வேறு பெயரில் இன்னொரு ஃபைலில் எழுதி அதையும் சேர்த்தேன். இரண்டாவது ஆப்ஜெக்ட் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபிறகுதான் பொறி தட்டியது. கிட் ஃபைலைச் சேமிப்பதில்லை, உள்ளடக்கத்தைச் சேமிக்கிறது, பெயர் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வேறு இடம் ‘ட்ரீ’ என்கிற இன்னொரு வகை ஆப்ஜெக்ட். கமிட் போட்டதும், அதாவது அதுவரை செய்ததைப் பதிவு செய்ததும், அதுவும் வந்து நின்றது. அப்புறம் பிராஞ்ச், வேலையைத் தனிக் கிளையாகப் பிரித்துக்கொள்ளும் வசதி. எனக்குப் பிராஞ்ச் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று ஒரு பயம் இருந்தது, உள்ளே போய்ப் பார்த்தால் அது 41 பைட் உள்ள ஒரு சின்ன ஃபைல். 40 எழுத்து ஹாஷ், கடைசியில் ஒரு வரி முடிவு. அவ்வளவுதான் பிராஞ்ச். ஏழு வருடப் பயம் ஒரே நிமிடத்தில் கரைந்தது. அதற்குப் பிறகு நான் எந்த ஃபோல்டரையும் அழித்து மறுபடி இறக்கியதில்லை.

இதில் நடந்ததைக் கவனித்தால், நான் முதலில் ஒரு யூகம் செய்தேன், யூகம் தவறியது, ஏன் தவறியது என்று யோசித்தேன். கற்பதில் இருக்கும் சுகம் எல்லாம் அந்த நடு நிமிடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வீடியோ பார்க்கும்போது அந்த நிமிடம் நமக்குக் கிடைப்பதில்லை, நமக்குப் பதிலாக வேறொருவர் அதை அனுபவித்து முடித்துவிடுகிறார். ஆகவே எதைப் பிரித்துப் பார்த்தாலும் எண்டர் தட்டுவதற்கு முன்னால் என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளில் எழுதினால் இன்னும் நல்லது.

உந்துதல் வற்றிப்போவதற்கு ஒரு காரணம் உண்டு

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆன்லைன் கோர்ஸ் முடித்தால் புள்ளிகள் தருவார்கள். வருடக் கடைசியில் மதிப்பீட்டில் அது சேரும். அந்த வருடம் நான் 11 கோர்ஸ் முடித்தேன். சில வீடியோக்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்தேன், கடைசியில் வரும் கேள்விகளுக்கு யூகித்துப் பதில் போட்டேன். அதைவிட வருத்தமான விஷயம், அதற்கு முன்னால் இரவில் ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருந்த என் சொந்தச் சின்ன வேலைகளும் அந்த வருடத்தோடு நின்றுபோயின. புள்ளி தராத ஒன்றைச் செய்ய மனம் வரவில்லை. என்னிடம்தான் ஏதோ குறை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் உளவியல் பக்கம் கொஞ்சம் படித்தபோதுதான் இது பழகிய விஷயம் என்று தெரிந்தது. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களிடம் ‘சோமா’ என்கிற கட்டைப் புதிரைக் கொடுத்தார், துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் செய்ய வேண்டும். ஒரு குழுவுக்கு இரண்டாம் அமர்வில் ஒவ்வொரு புதிருக்கும் பணம் கொடுத்தார், மூன்றாம் அமர்வில் நிறுத்திவிட்டார். நடுவில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எட்டு நிமிடம் வெளியே போவார், அந்த நேரத்தில் யார் தானாகப் புதிரைத் தொடுகிறார்கள் என்பதுதான் உண்மையான சோதனை. பணம் வாங்கிப் பழகியவர்கள் அந்த எட்டு நிமிடத்தில் புதிரோடு செலவிட்ட நேரம் குறைந்துபோயிருந்தது.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதே போல ஒன்றைச் செய்தார்கள். படம் வரைய ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், பரிசு முடிந்து சில நாள் கழித்துத் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவில்லை. ஆக, கெடுதல் பரிசில் இல்லை, ‘பரிசுக்காகத்தான் இதைச் செய்கிறேன்’ என்ற எண்ணத்தில் இருக்கிறது.

டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னால் இதை விரிவாக வளர்த்தார்கள். உள்ளிருந்து வரும் உந்துதலுக்கு மூன்று தேவை என்கிறார்கள். நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, எனக்கு மனிதர்களோடு ஓர் ஒட்டு இருக்கிறது என்ற உணர்வு. இதை நான் மருத்துவர் நாடி பார்ப்பது போலப் பயன்படுத்துகிறேன். கற்க மனம் வராத நாளில், இந்த மூன்றில் எது அடிபட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்வேன்.

தேர்வு அடிபட்டிருந்தால், வேலைக்காகக் கட்டாயம் கற்க வேண்டியதிலேயே எனக்கென்று ஒரு மூலையைத் தேடுவேன். ஒருமுறை எனக்குத் துளியும் ஆர்வம் இல்லாத ஒரு கணக்குப் பதிவு மென்பொருளைக் கற்கச் சொன்னார்கள். அதன் ரிப்போர்ட்டுகள் ஏன் இவ்வளவு மெதுவாக வருகின்றன என்பதை மட்டும் என் சொந்தக் கேள்வியாக எடுத்துக்கொண்டேன், மீதி தானாகவே ஒட்டிக்கொண்டு வந்தது. முடிகிறது என்ற உணர்வு அடிபட்டிருந்தால், எடுத்துக்கொண்ட வேலை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். பாதியாக வெட்டுங்கள். அப்போதும் மலைப்பாக இருந்தால் மறுபடி பாதியாக வெட்டுங்கள், ஒரே உட்காரலில் ஓடிக் காட்டும் அளவுக்கு வரும்வரை. மூன்றாவதான மனித ஒட்டு அடிபட்டிருப்பதுதான் கண்டுபிடிக்கக் கடினம். தனியாகவே கற்றுக்கொண்டிருப்போம், நன்றாகவே கற்றுக்கொண்டிருப்போம், ஆனால் சொல்ல ஆள் இருக்காது, ஆசை மெல்ல வடிந்துவிடும். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் பேசுவோம், அவர் கண்டுபிடித்ததை அவர் காட்டுவார், நான் கண்டுபிடித்ததை நான் காட்டுவேன். அவர் செய்யும் வேலை எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் ‘அட, அப்படியா’ என்று ஒருவர் சொல்வதற்கு இவ்வளவு பலம் உண்டு என்று எனக்கு முன்னால் தெரியாது. டெசியின் அதே ஆய்வில் மனதாரச் சொன்ன பாராட்டு பணத்தைப் போல ஆசையைக் குறைக்கவில்லை, கூட்டியது.

அன்றாடம் செய்வது

இது சின்ன விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் மெயிலைத் திறப்பதற்கு முன் 25 நிமிடம். நேரத்தைவிட ‘எதற்குப் பிறகு’ என்பது முக்கியம், கம்ப்யூட்டர் திறந்ததும் முதலில் குறிப்பேடு, அப்புறம்தான் மெயில் என்று ஒன்றோடு ஒன்றைக் கட்டிவைத்தால் தினமும் மனதோடு போராட வேண்டியதில்லை. முடிக்கும்போது வேலையை முழுதாக முடிக்காமல், அடுத்த நாள் உட்கார்ந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். நான், நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் ஒன்றை வேண்டுமென்றே தோற்கும்படி எழுதி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

கற்றது தங்க வேண்டும் என்றால், படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மறுபடி படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிறைவு வரும், அதை நம்ப வேண்டாம்.

செய்திகளுக்கு மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கிவிட்டேன். நான் பயன்படுத்தும் ஐந்தாறு கருவிகளின் ரிலீஸ் நோட்ஸை அன்றைக்கு உட்கார்ந்து படிப்பேன், தினமும் வரும் நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். புதிதாகக் கேள்விப்படும் எதையும் பெயரையும் தேதியையும் எழுதி ஆறு மாதம் ஊறப்போடுவேன். ஆறு மாதம் கழித்தும் அந்தப் பெயர் காதில் விழுந்துகொண்டிருந்தால் ஒரு மணி நேரம் கொடுப்பேன். இதற்கு ஒரே விதிவிலக்கு பாதுகாப்பு விஷயங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்கிற ஜாவா லைப்ரரியில் பெரிய ஓட்டை வெளியே வந்தபோது அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த வகை அறிவிப்பு மட்டும் என்னிடம் எப்போதும் வந்து சேரும்படி வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்திருங்கள்.

ஏ.ஐ. வந்த பிறகு

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த சில மாதங்களில் என் மனம் இருந்த நிலையை மறைக்காமல் சொல்கிறேன், இவ்வளவு வருடம் கற்றதெல்லாம் எதற்கு என்று ஒரு சோகம். ஒரு மணி நேரம் மண்டையைப் போட்டு உடைத்து எழுதும் ஒன்றை அது சில விநாடிகளில் எழுதிவிடுகிறது. இதைப் படிக்கும் பலருக்கும் அந்த உணர்வு இருந்திருக்கும், சிலருக்கு இன்னும் இருக்கலாம்.

நான் இப்போது அதோடு பழகும் முறை இது. முதலாவது, கேட்பதற்கு முன் என் யூகத்தை ஒரு வரியாவது எழுதிவிடுவேன். ‘இந்த பக் (பிழை) கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருந்து வருகிறது என்று நினைக்கிறேன், காரணம் இது.’ அப்புறம் கேட்பேன். யூகம் சரியாக இருந்தால் என் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது, தவறாக இருந்தால் அந்த நடு நிமிடம் எனக்குக் கிடைக்கிறது. யூகிக்காமல் கேட்ட நாட்களில் வேலை சீக்கிரம் முடிந்தது, சாயங்காலம் எழுந்தபோது அன்று ஒன்றுமே செய்யாதது போல ஒரு வெறுமை இருந்தது. இரண்டாவது, வரிக்கு வரி விளக்க முடியாத நிரல் எதையும் உள்ளே விடுவதில்லை. இல்லாத ஃபங்ஷனை இருப்பது போல எழுதித் தருவதும் உண்டு, அதனால் டாக்குமெண்டேஷனில் ஒருமுறை பார்த்துவிடுவேன். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதில் கேட்பதற்குப் பதிலாக, என்னைக் கேள்வி கேட்கச் சொல்வேன். ‘டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்‌ஷன் பற்றி நான் விளக்குகிறேன், எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே கேள்வி கேள்.’ பத்து நிமிடத்துக்குள் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த ஓர் இடத்தில் வாயடைத்துப் போவேன். அடுத்த நாள் காலை 25 நிமிடத்துக்கு அந்த இடம்தான் பாடம்.

இந்த மொழி மாடல்களின் அடிப்படையான ட்ரான்ஸ்ஃபார்மர் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரிக்கப்பட்டது. அதன் உள்ளே நடப்பது பெரும்பாலும் மேட்ரிக்ஸ் பெருக்கல், அதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது இது எதற்குப் பயன்படப்போகிறது என்று நினைத்தவன் நான். இப்போது என் தாளின் அடியில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

ஒன்றுமே முடியாத நாட்கள்

சோர்வையும் ஆர்வக் குறைவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் உள்ளிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் பாருங்கள், தூக்கத்தில் சரியானால் அது சோர்வு. வீட்டில் குழந்தையோ உடம்பு முடியாத பெரியவரோ இருந்தால், அந்தக் காலத்தில் கற்காமல் இருப்பதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த எட்டு மாதம் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. திரும்பி வந்தபோது யூனிக்ஸும் எஸ்க்யூஎல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆனால் திரும்பி வரும் முறையில் ஒரு தவறு செய்தேன். நான் இல்லாதபோது என்னென்ன வந்தது என்று பட்டியல் போட ஆரம்பித்தேன், இரண்டே நாளில் பழைய பாரம் திரும்பிவிட்டது. ஆகவே விட்டுப்போனதிலிருந்து தொடங்காதீர்கள், கடைசியாக உங்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அதற்காகத்தான் ஒரு குறிப்பேடு வேண்டும். கற்றதை எழுதுவதற்கு வேறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள், இதில் விடை தெரியாத கேள்விகள் மட்டும், ஒரு வரிக்கு ஒன்று, தேதியோடு. விடை கிடைத்ததும் அடித்துவிட்டு, அந்த விடையிலிருந்து முளைத்த அடுத்த கேள்வியைக் கீழே எழுதுங்கள்.

என் குறிப்பேட்டில் இப்போது கடைசியாக இருக்கும் வரி, ‘இந்த முறை நெடுவரிசையின் மேல் எந்த ஃபங்ஷனும் இல்லை, இண்டெக்ஸும் இருக்கிறது, ஆனாலும் டேட்டாபேஸ் ஏன் முழு டேபிளையும் படிக்கிறது?’ பாதி விடை இன்று காலை கிடைத்தது. நான் கேட்ட நிபந்தனைக்கு டேபிளின் பெரும்பாலான வரிகள் பொருந்துகின்றன, அப்படியானால் இண்டெக்ஸ் வழியாகப் போவதைவிட மொத்தமாகப் படிப்பதே மலிவு என்று அது கணக்குப் போடுகிறது. எத்தனை வரிகள் பொருந்தும் என்று படிப்பதற்கு முன்னாலேயே அதற்கு எப்படித் தெரிகிறது என்பதை நாளைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.